போன வருடத்து வியாழன்

எந்த மாதம் எந்தக் கிரகம் எங்கே தெரியும் என்று சொல்லும் ஆண்டுக் கையேட்டை, எழுத்து பொடியாக இருக்கிறதென்று திட்டி, அதை எடுத்துவந்த மனைவி ரெஜினாவின் கையிலேயே திருப்பித் தள்ளிவிட்டார் அருளப்பன். கண் ஆபரேஷன் கட்டைப் பிரித்த நாளிலிருந்து, கேட்டவர்களிடமெல்லாம் "முன்னைக்கு இப்போ பளிச்சுனு தெரியுது" என்றுதான் சொல்லிவந்தார்.

இருட்டியதும் மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தினார்கள்.

"வியாழன் மேற்கே, ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்துல," என்று வாசித்தாள் ரெஜினா.

கைப்பழக்கத்தில் குழாயை மேற்கே திருப்பிக் குனிந்தார்.

"தெரியுதாங்க?"

"ஆஹா! நாலு நிலாவும் வரிசையா நிக்குது."

அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வியாழன் உச்சியில் விளக்குப்போல எரிந்துகொண்டிருந்தது. குழாய் நீண்ட பக்கம் அது இல்லவே இல்லை. கையேட்டைத் திருப்பினாள். அலமாரியிலிருந்து போன வருடத்துப் புத்தகத்தை எடுத்துவந்திருக்கிறாள். நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கும், கிரகம் நிற்காது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"அடுத்தது என்ன? வாசி."

சட்டென்று அட்டையிலிருந்த வருடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். மறைத்த பிறகுதான், அவர் கண்ணுக்குத்தான் அது தெரியப்போவதில்லையே, எதற்காக மறைக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.