வேட்டைக்காரருக்குக் கேக்

"வேட்டைக்காரனுக்குக் கேக் சுட்டுக் குடுக்கறியாமே! உனக்கு வெட்கமா இல்ல, வெர்னா?"

பக்கத்து வீட்டு மார்லிஸ் கதவைத் தட்டவில்லை. நேராக அடுக்களைக்கே வந்துவிட்டாள்.

"உட்காருடி. பூசணிக் கேக், சூடா இருக்கு."

"நீயே தின்னு! போன மாசம் நகர மன்றத்து வாசல்ல என்கூட நின்னு 'மானைக் கொல்லாதே'ன்னு கத்தினவதானே நீ?"

கத்தினது வாஸ்தவம்தான். ஆனால் யார் கேட்டார்கள்? மான்கள் மேய்ந்து அந்தப் புறநகரில் ஒரு வீட்டிலும் பூச்செடி மிஞ்சவில்லை. ராத்திரியானால் கார்மேல் மான் வந்து மோதியது. ஆளுக்கொரு தோப்பு என்று பிரித்து, வில்வேட்டைக்காரர்களை இறக்கிவிட்டது மன்றம்.

வெர்னா வீட்டுக்குப் பின்னால் இருந்த தோப்புக்கு வந்தவர் ஆர்வில். அடுக்களை ஜன்னலுக்கு நேரே தெரிந்த ஓக் மரத்தில் பலகை கட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வில்.

அந்த நேரம் பார்த்தா ஒரு தாய் மான் வர வேண்டும்? கூடவே குட்டி வேறு. நேராக மரத்தடிக்கே போய், அவரை அண்ணாந்து பார்த்து நின்றது.

"ஐயோ, போச்சு!" மார்லிஸ் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

சத்தமே இல்லை. மெல்ல விரலை விலக்கி ஜன்னல் வழியே பார்த்தாள். மான் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. ஆர்வில் பாட்டுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, மனுஷன் சும்மா இருக்கார்?"

"தினமும் இப்படித்தான். ஒரு தோப்புக்கு ஒரு ஆள்தான்னு சட்டம். இவர் அங்க இருக்கற வரைக்கும் வேற எவனும் உள்ள கால் வைக்க முடியாது."

மார்லிஸ் கோபமெல்லாம் இறங்கி, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பாவம், குறி பார்க்கத் தெரியாதவர் போல!"

"நல்லா சொன்னே! மன்றம் வெச்ச வில் தேர்வுல, குறிப்பலகை நடுவுல அம்பு விட்டு முதலா வந்த ஆளே இவர்தான். முதலா வந்தவருக்குத்தான் பிடிச்ச இடத்தை எடுத்துக்கற உரிமை. மான் அதிகமாப் படுக்கற தோப்பாப் பார்த்துக் கேட்டு வாங்கினாராம்."

"அப்புறம் ஏன் ஒரு அம்புகூட விடலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்தக் குறிப்பலகை என்னைத் திரும்பிப் பார்க்கலையேம்மா'ன்னு சொன்னார்."