சித்தப்பா ஊற்றிய தண்ணீர்

"ஏனுங்க சித்தப்பா, ஒரு டம்ளர் தண்ணிய ஊத்திப்போட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கறீங்களே?" ரோஸ்லின் கரண்டியை வாணலிக்குள் விட்டுத் தூக்கிக் காட்டுகிறாள். வேகவைத்த கோழியை நார் நாராகப் பிய்த்து, கிரீமும் சீஸும் மிளகாய் சாஸும் சேர்த்து அவள் கிளறிய டிப் என்னும் தொடுகறி, சிப்ஸால் அள்ளினால் வழியாமல் நிற்க வேண்டியது, வாணலியில் தண்ணியாகத் தளும்புகிறது. ஜன்னல் கண்ணாடியை மூடுபனி வெளுப்பாக அடைத்திருக்கிறது. "அடி புடிச்சுருமேன்னுதான் கண்ணு" என்கிறார், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா தேவசிகாமணி. "அது கெட்டியாத்தாங்க இருக்கோணும். கொழம்பில்லீங்க அது." "கோழி இருக்குது, காரம் இருக்குது. அப்பறம் என்ன கொழம்பில்ல?" உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கியவர் உப்பு ஜாடிக்குக் கை நீட்டுகிறார். அவள் அதைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். 'எங்கூட்டு டிப்பைத் தின்னு பாருங்க' என்று அவள் பெருமையாகக் கூப்பிட்ட அவளுடைய புது ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேரின் ஜீப் வாசலில் உறுமி நிற்கிறது. அதற்குள் சித்தப்பா, தட்டில் வட்டமாக அடுக்கியிருந்த சிப்ஸ் முழுவதையும் இரண்டு கையாலும் நொறுக்கி வாணலியில் கொட்டுகிறார். "இப்பக் கெட்டியாயிரும் பாரு சாமி." அழைப்பு மணி அடிக்கிறது. நீங்களே சொல்லுங்கள், கதவைத் திறந்து அவள் இதற்கு என்ன பெயர் சொல்லிப் பரிமாறுவது?