உத்தரவு இருக்கா?

"போனைக் கொஞ்சம் குடுங்க. ஷெல்பி உங்களுக்கு அனுப்பின மெசேஜை எல்லாம் பார்க்கணும்."

பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை மிதியடியில் தட்டிக்கொண்டே போலீஸ்காரர் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை.

லொரேன் தூரிகையைச் சாயக் கிண்ணத்தில் வைத்தாள். அந்தச் சின்ன முடிதிருத்தும் கடையில் அவளைத் தவிர இருந்தது ஹலீனா அம்மாள் மட்டும்தான். பாதித் தலைக்குச் சாயம் பூசிய நிலையில், கழுத்தில் துண்டோடு அந்த அம்மாள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உத்தரவு இருக்கா சார்?" என்றாள் லொரேன்.

"எதுக்கு?"

"போனைப் பார்க்க. ஜட்ஜ் கையெழுத்துப் போட்டது."

போலீஸ்காரர் பெருமூச்சு விட்டார். "முந்தாநாள்லேர்ந்து ஷெல்பியைக் காணோம். மனசு சரியில்லாத பொண்ணு. மாத்திரையை வீட்டிலேயே வெச்சுட்டுப் போயிருக்கு. தடிக் கோட்டுகூட எடுத்துக்கல. வெளியில மைனஸ் முப்பது. வின்னிபெக் குளிர் என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அடக் கடவுளே!" ஹலீனா அம்மாள் நாற்காலியோடு திரும்பினார். "குடுத்துத் தொலையேன் லொரேன்! உன் ரகசியத்தை யாரு பார்க்கப் போறா?"

"என் ரகசியம் இல்லீங்க. போன் என்னோடது. மெசேஜ் அவளோடது. என்னை நம்பி அனுப்பியிருக்கா."

"உயிருக்கு ஆபத்துன்னா உத்தரவு இல்லாமலே நாங்க எடுக்கலாம்," என்றார் போலீஸ்காரர். "அதுவும் சட்டம்தான்."

அந்த நேரம் பார்த்து, சீப்பு டப்பாக்களுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்த போன் கிர்ர் என்று அதிர்ந்தது.

மூன்று பேரின் கண்களும் அதன் மேல் போயின. போலீஸ்காரரின் கை நீண்டது. அதற்குள் லொரேன் சாயம் படிந்த உள்ளங்கையால் போனை மூடிவிட்டாள்.

"எடுங்க சார், தடுக்க மாட்டேன். ஆனா முதல்ல உங்க நோட்டுப் புத்தகத்தை எடுங்க."

"என்ன?"

"நீங்கதான் தும்மினாக்கூட மணி பார்த்து அதுல எழுதுவீங்களே. எழுதுங்க. மணி பதினொண்ணேகால். லொரேன் கடையில, உத்தரவு இல்லாம, அவ சம்மதம் இல்லாம போனை எடுத்தேன்னு. கேஸ் நம்பரையும் போடுங்க. இந்த அம்மா சாட்சி."

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பொத்தானைத் தொட்டது. அப்படியே நின்றது.

"எழுதிக்கிட்டு நிக்கற நேரமா இது? நான் அவ நல்லதுக்குத்தான் கேக்கறேன், லொரேன்."

"நல்லா கேளுங்க சார்!" ஹலீனா அம்மாளுக்கு முகம் சிவந்தது. "ஒரு உயிர் பனியில விறைச்சுக்கிட்டுக் கிடக்கு. இவளுக்கு எழுதணுமாம், நம்பர் போடணுமாம்! முடி வெட்டறவளுக்கு வக்கீல்னு நெனப்பு!"

லொரேன் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே போன் மறுபடி அதிர்ந்தது.

போலீஸ்காரர் சில நொடிகள் அந்தக் கையையே பார்த்தார். பிறகு ஹலீனா அம்மாளைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு மணி நேரத்துல உத்தரவோட வரேன். அதுக்குள்ள அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்கதான் பொறுப்பு."

கதவு திறந்ததும் குளிர் கத்தி போல உள்ளே பாய்ந்தது. கார் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை லொரேன் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் கதவைப் பூட்டி, 'கடை மூடியிருக்கிறது' அட்டையைத் திருப்பி மாட்டினாள். போனில் எதையோ தட்டி அனுப்பினாள்.

"இப்ப மட்டும் என்ன மெசேஜ் வேண்டிக்கிடக்கு?" ஹலீனா அம்மாள் துண்டை உருவி எறிந்தார். "முப்பது வருஷமா உன்னை மாதிரி ஆளுங்ககிட்ட முடி வெட்டிக்கிட்டிருக்கேன், இப்படி ஒரு கல்நெஞ்சைப் பார்த்ததில்ல. என் தலையைக் கழுவி விடு, நான் போறேன். அந்தப் பொண்ணோட புருஷன் இப்ப என்ன பாடு படுவான்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பார்த்தியா?"

லொரேன் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

"நெனச்சுப் பார்க்க என்ன இருக்கு? இவ்வளவு நேரம் என் முன்னாடி நின்னு போனைக் கேட்டதே அவ புருஷன்தான். அதனாலதான் அவ போலீஸுக்குப் போகாம, எனக்கு மெசேஜ் அனுப்பினா."