ருசி பார்த்தவள்

குள்ளம்மாள் வாசலிலேயே ஒரு ஏப்பம் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

கத்திரி வெயிலில் வந்த ரம்ஜான். தொண்டை காய்ந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்த ஷரீபுன்னிசாவுக்கு அந்த ஏப்பத்தைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

குள்ளம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. உதட்டு வெடிப்புக்குப் பூசும் மெழுகு காய்ச்ச, டப்பாவில் ஊற்ற, கூடமாட ஒத்தாசைக்கு வருகிறவள். நோன்பு ஆரம்பித்த அன்றே ஷரீபுன்னிசா அவளிடம் சொல்லிவிட்டாள்: "நான் நோன்புன்னு நீ பட்டினி கெடக்காத. மதியம் வூட்டுக்குப் போயி சாப்ட்டு வா."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதற்காகத் தினமும் தின்றுவிட்டு வந்து, நோன்பு வைத்தவள் மூஞ்சிக்கு நேராகவா ஏப்பம் விடுவது?

"என்னா சோறு?" கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"களியும் கீரையுங்க்கா."

"நேத்தும் அதத்தான சொன்ன?"

"நேத்து மீந்ததுங்க."

அடுப்பில் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருகிக் கலந்திருந்தன. தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் சர்தார் பாய் முதல்முறையாக ஆர்டர் கொடுத்திருக்கிறார். "பூசினா மணக்கணும், இனிக்கணும். அப்பத்தான் பொண்ணுங்க வாங்கும். நல்லாப் போச்சுன்னா மாசா மாசம் உங்கிட்டதாம்மா" என்றிருந்தார். நல்லம்பள்ளியில் அவளை மெழுகுக்காரி என்று சிரித்தவர்கள் வாயை அடைக்க இந்த ஒரு ஆர்டர் போதும்.

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து, மைய அரைத்த பொடியைக் கொட்டினாள். ரோஸ் எசன்ஸ் விட்டுக் கிண்டினாள். வாசனை தூக்கியது. இனிப்பு சரியாக இருக்கிறதா?

நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஷரீபுன்னிசாவுக்கு அவர்கள் மேல் சந்தேகம் இல்லை. தன் நாக்கின் மேல்தான் சந்தேகம். ராத்திரி வரை தள்ளிப்போடவும் வழியில்லை. நாலு மணி பஸ்ஸில் சரக்கை ஏற்றியாக வேண்டும்.

"குள்ளம்மா, உனக்கென்ன, நோன்பா? உதட்டுல பூசி சக்கரை பாரு."

குள்ளம்மாள் கரண்டியோடு சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"அருமைங்க்கா. பாயசம் தோத்துடும்."

சரக்கு பஸ் ஏறியது. குள்ளம்மாளும் வழக்கம்போலப் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடிவிட்டாள். ஏனம் கழுவுகிற நேரத்துக்கு அவள் என்றைக்கு நின்றிருக்கிறாள்?

மறுநாள் சாயங்காலம் சர்தார் பாயே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதுல என்னம்மா போட்ட?"

"சக்கரைங்க பாய்."

"உப்பும்மா. தாசில்தார் சம்சாரம் கடையிலயே பூசிப் பாத்துது. வெடிச்ச உதடு. நடுக்கடையில நின்னு ஊது ஊதுன்னு ஊதுது. நான் ஃபேனைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வெச்சேன்."

ஷரீபுன்னிசா அலமாரியைப் பார்த்தாள். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். ஒன்றில் சர்க்கரைப் பொடி, இன்னொன்றில் நோன்புக் கஞ்சிக்கு அரைத்து வைத்த உப்பு.

"நாளைக்குள்ள மாத்திக் குடு. இல்லேன்னா பெங்களூர் சரக்கு எறக்கிடுவேன்" என்றுவிட்டு, நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்கு நடையைக் கட்டினார் சர்தார் பாய்.

பாட்டிலை மாற்றி எடுத்தது தான்தான் என்று ஷரீபுன்னிசாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பொழுதாச்சுங்க்கா, நான் வரேன்."

ஷரீபுன்னிசா வாசலை மறித்து நின்றாள்.

"நில்லு. நேத்து ருசி பாத்தியா, இல்லியா?"

"பாத்தனுங்க."

"உப்பு உனக்குப் பாயசமா?"

குள்ளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு வேளையும் கொட்டிக்கிற நாக்குக்கு உப்பும் சக்கரையும் தெரியாதா? பூசுனியா, இல்லியா? நெசத்தச் சொல்லு."

"பூசலைங்க."

"ஏன்? எம் பொழப்புப் போனா உனக்கென்னன்னுதான?"

பள்ளிவாசலில் சங்கு ஊதியது.

நோன்பு திறக்க எடுத்து வைத்திருந்த தட்டுப் பக்கம் ஷரீபுன்னிசா திரும்புவதற்குள் ஒரு கை முந்திக்கொண்டது. பேரீச்சம்பழம் ஒன்று குள்ளம்மாள் வாய்க்குள் போனது. சொம்புத் தண்ணீர் மடக்மடக்கென்று இறங்கியது. பாதிச் சொம்பில்தான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

ஷரீபுன்னிசா தன் நோன்பைத் திறக்கவும் மறந்து அவளையே பார்த்தாள். ஊர் உதட்டுக்கெல்லாம் மெழுகு காய்ச்சுகிறவள், எதிரிலேயே இருந்த அந்த உதடு பாளம் பாளமாக வெடித்திருப்பதை இப்போதுதான் பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

"மொத நாளு நீங்க சொன்னீங்கன்னு போயி சோத்துல கை வெச்சனுங்க. நீங்க இங்க அடுப்புல காஞ்சிட்டிருக்கீங்க. எனக்கு எறங்கலை. அன்னையிலிருந்து நானும் நோன்பு வெச்சிட்டு வரேன். இத்தினி நாள் வெச்சதை ஒரு கரண்டி மெழுகுக்காவ முறிக்க மனசு வரலைங்க. உங்க கைக்குத் தப்பாதுன்னு நெனச்சிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"சொன்னா உடுவீங்களா?"

ஷரீபுன்னிசா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அப்ப தெனம் மத்தியானம் வந்து எம் மூஞ்சிக்கு நேரா வுட்டியே, அந்த ஏப்பம்?"

குள்ளம்மாள் கஞ்சியை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"அது பசி ஏப்பமுங்க்கா."