வணங்காக் கழுத்து

"ஏன்டா முத்துவீரா, ஒனக்கு எம்புட்டுக் கொழுப்பு இருந்தா தொரை வர்றப்ப தலைய நிமித்திக்கிட்டு நிப்ப?"

இராமையா கங்காணி போட்ட சத்தத்தில் பெரட்டுக் களமே திரும்பிப் பார்த்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது துரை சுற்றி வருவார்; ஆண்கள் தலைத்துண்டை உருவிக்கொண்டு குனிய வேண்டும். அரசாங்கம் தோட்டத்தை எடுத்ததும் வெள்ளைக்காரன் போனானே தவிர, அவன் வைத்த வழக்கம் போகவில்லை. இன்றைக்கு அத்தனை தலையும் குனிந்திருக்க, ஒரு தலை மட்டும் நிமிர்ந்தே நின்றது.

"கழுத்து வலிங்க, கங்காணியாரே. குனிய முடியல."

"வலின்னா கழுத்து கோணிக்கிட்டுல்லடா இருக்கும்? ஒனக்குத் துப்பாக்கிக் குழலாட்டம் நேரா நிக்குது! நாளைக்கும் குனியலேன்னா தொரை பேர வெட்டிருவாரு. அப்புறம் வேலையும் இல்ல, குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்ல."

முத்துவீரனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னதும் அதைத்தானே! "கழுத்தெலும்பு வில்லு மாதிரி லேசா வளைஞ்சு இருக்கணும். நீ ரப்பர் பால் வாளியத் தலையில தூக்கித் தூக்கி, தசை இறுகி எலும்ப நிமித்திருச்சு. வளைவு போனதுதான் ஒன் வியாதி." பிறந்ததிலிருந்து 'நேரா நில்லு, நேரா நட' என்றே கேட்டு வளர்ந்தவனுக்கு, நேராக இருப்பதும் ஒரு வியாதி என்பது புதுச் செய்தியாக இருந்தது.

அதற்குள் சங்கத்து அழகமுத்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். "அண்ணே, தோட்டத்துலயே நீங்க ஒருத்தர்தாண்ணே ஆம்பளை! இனிமே எவனும் குனியக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போடுறோம்!"

"குலுக்காத தம்பி, எனக்குக் கழுத்து..."

"கழுத்தே போனாலும் குனியாதீங்கண்ணே!"

அழகமுத்துவுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். புதிதாக வந்திருக்கும் சிங்களத் துரை ரணவீர லேசுப்பட்ட ஆளா? ரப்பர் பால் ஸ்டோரில் வாளியைக் கீழே வைத்துக் காட்டினால் பார்க்கவே மாட்டார். கங்காணி அதை அவர் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவு அதிகாரம். அப்பேர்ப்பட்டவர் முன்னால் நாளைக்கு எப்படி நிற்பது?

சாயங்காலம் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஜெயம்மாவுக்கு ஒரு யோசனை உதித்தது.

"கழுத்து வளையலேன்னா என்னங்க, இடுப்பு வளையும்ல? இடுப்போட குனிஞ்சிருங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. அலுமினியச் சட்டியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்துத் துரையாகவே நின்றாள். முத்துவீரன் துண்டை உருவி, பயபக்தியோடு இடுப்பை வளைத்தான். விறைத்த தலை நேராகப் போய் அவள் வயிற்றில் இடித்தது. சட்டி உருண்டது, ஜெயம்மாவும் உருண்டாள்.

"ஐயோ சாமி! இது கும்புடு இல்லீங்க, கெடா முட்டுறது!"

முத்துவீரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கழுத்து இழுத்தது. அவன் முழித்த முழியைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் அவள் சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி நின்னு குனிங்க. தப்பிச்சிரலாம்."

மறுநாள் பெரட்டுக் களத்தில் திருவிழாக் கூட்டம். வேலை இல்லாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அழகமுத்து முன் வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான், முத்துவீரனே அவன் வளர்த்த பிள்ளை மாதிரி.

துரை வந்தார். தலைகள் வரிசையாகக் குனிந்தன. முத்துவீரன் துண்டை உருவி, முனியாண்டியை வேண்டிக்கொண்டு, இடுப்பை வளைத்தான். தள்ளி நிற்க வேண்டியது அவன் பொறுப்பு, சரிதான். ஆனால் துரை இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்பார் என்று யார் கண்டது? தலை நேரே துரையின் வயிற்றைப் பார்த்துப் புறப்பட்டது.

"ஐயோ, தொரைய முட்டப் போறான்! புடிங்கடா!" என்று அலறினார் கங்காணி.

"அப்பிடித்தாண்ணே!" என்று கூவினான் அழகமுத்து.

பாதி வழியில் கழுத்தில் சுரீரென்று ஒரு மின்னல் வெட்டியது. முத்துவீரன் "அம்மா" என்று முனகிக்கொண்டே அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தான். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் துரை, மூக்குக்கு மூக்கு. இவனும் குனியவில்லை, அவரும் அசையவில்லை.

"எல்லாம் பின்னுக்குப் போ!" என்று துரை கையை மட்டும் வீசினார்.

கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு பின்வாங்கியது. கூட்டத்தில் நின்ற ஜெயம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். துரை முத்துவீரனின் கழுத்தையே உற்றுப் பார்த்தார். பேர் போச்சு, லயம் போச்சு, ஜெயம்மாவைக் கூட்டிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது என்று முத்துவீரன் கணக்குப் போட்டான்.

துரை இன்னும் ஓரடி நெருங்கி வந்து, உதடு அசையாமல், சிங்களமும் தமிழுமாக மெல்லக் கேட்டார்:

"அனே... எனக்கு இடது பக்கம் வலி. உனக்கு எந்தப் பக்கம்?"