நம்ம வீட்டு மீட்டர்

"எங்களுக்கு இது வேணாம். வேணாம்னு சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கு!"

முருகலட்சுமி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மிளகாய்க் காட்டிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த அவள் மகன் மாரீஸ்வரன், உள்ளே பழைய மீட்டருக்கு முன்னால் நின்றுகொண்டான்.

புது மீட்டரும் கையுமாக வந்திருந்த ஜோஸ்வா ராமேஸ்வரத்துப் பையன். காலையிலிருந்து இந்தத் தெருவில் ஒரு வீடுகூட அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

"நல்ல மீட்டர்தான் பெரியம்மா. இனிமே ரீடிங் எடுக்க ஆளே வர வேணாம். அதுவே ஆபீசுக்குச் சொல்லிரும்."

அதுதானே இங்கே தலைவலி!

ரீடிங் எடுக்க வருகிறவள் உமையாள். ஈபி ஆபீஸ் வேலை, திருப்புல்லாணிப் பெண். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வருவாள்.

அன்றைக்கு மட்டும் மாரீஸ்வரனுக்கு மிளகாய்க் காட்டில் வேலை இருக்காது. விடிந்ததும் குளியல், இஸ்திரி போட்ட சட்டை. பிறகு ஒரு துணியை எடுத்து, சாமி படத்தைத் துடைப்பது மாதிரி மீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பான்.

அவள் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"யூனிட்டு எம்புட்டு வந்திருக்கு?"

அவள் சொல்வாள். இவன் தலையை ஆட்டுவான். இந்தத் துரையின் காதல் அடுத்த ரீடிங்குக்கு ஒத்திவைக்கப்படும்.

நேரே போய்ப் பெண் கேட்டுவிடத்தான் முருகலட்சுமிக்கு ஆசை. ஆனால் ஈபியில் வேலை பார்க்கிறவள் மிளகாய் போடுகிறவனைக் கட்டிக்கொள்வாளா? மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைக்கு மோர் கொடுப்பது? இவனே வாயைத் திறக்கட்டும் என்று பொறுத்திருந்தாள். இந்தப் பெட்டி சுவரில் ஏறிவிட்டால் அவள் வரவும் மாட்டாள், இவன் வாய் திறக்கவும் போவதில்லை.

"உரிமை இருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" ஜோஸ்வா சிரித்தான்.

"சொல்ல வேண்டியவுக சொன்னாக."

சொன்னவள் உமையாளேதான். போன தடவை மோர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, குரலை இறக்கி, "புது மீட்டர் மாட்ட வருவாக. நம்ம வீட்டுக்கு வேணாம்னு சொல்லிருங்கம்மா. அதுக்கு உரிமை இருக்கு" என்றாள். பாவம், இந்தப் பெட்டி வந்தால் பிள்ளையின் வேலைக்கே உலை போலிருக்கிறது என்று முருகலட்சுமி நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு மனசே கேட்கவில்லை.

"ரீடிங் எடுக்கிற அந்த உமையாள் பொழப்புல மண்ணப் போடாதீங்க தம்பி. நல்லா இருப்பீக."

"உமையாள் அக்காவா?" ஜோஸ்வா தோளிலிருந்த ஏணியைக் கீழே வைத்தான். "இந்த மீட்டரெல்லாம் மாட்டி முடிஞ்சதும் அவுகளுக்கு ஆபீசுக்குள்ளயே வேலைன்னு ஆர்டர் வந்து மூணு மாசமாச்சே! இந்த ஏரியாவுல மொதல்ல எல்லாரும் மாட்ட மாட்டோம்னுதான் நின்னாக. பயப்படாம மாட்டுங்கன்னு வீடு வீடாப் போயிச் சொன்னதே அந்த அக்காதான்."

"வீடு வீடாவா?"

"ஒரு வீடு விடல பெரியம்மா."

ஊரெல்லாம் மாட்டச் சொன்னவள், இங்கே மட்டும் குரலை இறக்கி என்ன சொன்னாள்?

நம்ம வீட்டுக்கு வேணாம்.

இந்தப் பக்கத்தில் யாரும் யார் வீட்டையும் மரியாதைக்கு 'நம்ம வீடு' என்றுதான் சொல்வார்கள். பெரியபட்டினத்திலிருந்து வருகிற மீன்காரர்கூட "நம்ம வீட்டுக்கு இன்னைக்குச் சீலா மீன்" என்றுதான் கூடையை இறக்குவார். அந்தக் கணக்கில்தான் அவளும் அதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன மடச்சி!

சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். நிற்கவில்லை.

வாசலை விட்டு விலகி, "மாட்டுங்க தம்பி" என்றாள்.

"அம்மா!" உள்ளேயிருந்து மாரீஸ்வரன் அலறினான்.

"ஏலே, அதத் தொடச்சது போதும். போயிக் காலக் கழுவிட்டு, நல்ல சட்டையப் போடு. வாரப்ப வெத்தல பாக்கும் பூவும் வாங்கிட்டு வா."

ஜோஸ்வா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இப்பத்தான வேணாம்னு அந்த நிப்பு நின்னீக?"

"ரீடிங் எடுக்க இனிமே அவ இங்க வர வேணாம் தம்பி. நாங்கதேன் போறோம்."