ஏழு நிமிடம் மூத்தவள்

மூக்கை நேராக்கிய ஆபரேஷன் முடிந்து இன்றோடு பத்து நாள். குழல்விளக்கின் வெளிச்சம் ஈவிரக்கமில்லாமல் விழும் அறையில், தங்கையின் மூக்கிலிருந்து கடைசிப் பிளாஸ்திரியை நர்ஸ் மெல்ல உரிக்கிறாள். முகம் சுளிப்பது என்னவோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காதான். இரட்டைப் பிள்ளைகளில் ஏழு நிமிடம் மூத்தவள். போன மாதம் வரை பெற்ற அம்மாவே இருவரையும் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறாள். தங்கை கைக்கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்க்கிறாள். "பழசு எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சு சிஸ்டர்." "அதுக்கென்ன, அக்காதான் பக்கத்துலயே இருக்காங்களே!" மூவரும் சிரிக்கிறார்கள். நர்ஸ் அதே சிரிப்போடு அக்கா பக்கம் திரும்பி, ஆபரேஷன் தேதி நோட்டைப் புரட்டுகிறாள். "சரி, உங்களுக்கு எந்தத் தேதி போடட்டும்?" வேண்டாம் என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறக்கிறாள். அதற்குள் அவள் கை முந்திக்கொண்டு மூக்கை மூடிக்கொள்கிறது.